பதில்: ஏற்காடு போயும் சரியாகவில்லை

தம்பி, கல்யாணமாகி நான்கு மாதம், அம்மாபேட்டை வீட்டில் மனைவியை நெருங்கும்போதே விறைப்பு போய்விடுகிறது, ஏற்காட்டில் அறை எடுத்துத் தங்கியும் அதே கதை, ஆனால் காலையில் எழும்போது சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். காலையில் வருகிறதென்றால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். 'இன்றைக்காவது நடக்குமா' என்று உங்களை நீங்களே கண்காணிப்பதுதான் கெடுக்கிறது. ஏற்காட்டில் இது இன்னும் கூடத்தான் செய்யும். இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கிறோமே என்ற பாரம் வேறு.

மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது. முதல் விதியே உடலுறவுக்குத் தடை! கொஞ்ச நாளைக்கு முதுகு, கை, தலைமுடி என்று மாறி மாறித் தொடுவது மட்டும். மார்பும் பிறப்புறுப்பும் கூடாது. விறைப்பு வந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம், போனாலும் கண்டுகொள்ள வேண்டாம். பரீட்சையே இல்லையென்றால் ஃபெயில் ஆவது எப்படி? அப்புறம்தான் படிப்படியாக மற்றவை. ஆலோசனைக்கு மனைவியும் கூட வந்தால் நல்லது. 'என்னைப் பிடிக்கவில்லையோ' என்று அவர் தனியாக மருகிக்கொண்டிருக்கலாம்.

முதலில் சர்க்கரை, பிபி பார்த்துவிடுங்கள். பிறகு சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நேரில் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், இலவசம்தான். நீங்கள் சொன்ன அந்த லாட்ஜ் வைத்தியருக்கு லேகியத்துக்கென்று முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.