கஞ்சிக்கோட்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வரும் தம்பிக்கு

கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பாலக்காட்டுத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் எச்ஆர் வேலை பார்த்தவர், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் அதே வேலை கிடைத்திருக்கிறதாம். எம்பிஏவில் படித்த எச்ஆர் ஸ்ட்ராட்டஜி, அதாவது ஆட்களை நிர்வகிக்கப் போடும் நீண்டகாலத் திட்டம், அங்கே எடுபடுமா, வாடகை எவ்வளவு, நம் ஊர் சிவப்பு மட்டை அரிசி கிடைக்குமா என்கிறார்.

அரிசி கிடைக்கும். வாடகை அதிகம்தான், வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட்டஜி விஷயத்தில்தான் உஷார் தேவை. நம் பக்கம் பல கம்பெனிகளில் எம்டி முடிவெடுப்பார், எச்ஆர் கடிதம் அடிக்கும். இங்கே ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். பெட்ரீப்ஸ்ராட் என்பார்கள். யூனியன் வேறு, இது வேறு. இந்தக் குழு இருக்கும் கம்பெனியில், ஒருவரை வேலையை விட்டு அனுப்பும் முன் காரணம் சொல்லி அவர்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் கொடுத்த நோட்டீஸ் செல்லாது. ஓவர்டைம், ஷிஃப்ட் நேரம், ஆட்களைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் இது. 2000 பேருக்கு மேல் உள்ள பெரிய கம்பெனிகளில் நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வை வாரியத்திலேயே பாதி இடம் தொழிலாளர் பக்கத்துக்கு. இதையெல்லாம் விட்டுவிட்டு பிபிடி போட்டுக் காட்டினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், நம் ஆட்களிடமும் கவனமாக இருங்கள். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தங்க இடமில்லாமல் அல்லாடிக்கொண்டிருந்தேன். மேனேஜர் நம் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு எக்செல் கேட்பார். பக்கத்து சீட் ஜெர்மன்காரரிடம் கேட்க மாட்டார், அவருக்குப் பின்னால் பெட்ரீப்ஸ்ராட் இருக்கிறது! எனக்கும் இருந்தது, சாயங்கால வகுப்பில் ஜெர்மன் படித்த பிறகுதான் அவர்களிடம் போய்ப் பேச முடிந்தது. இங்கே வந்து பல வருடம் ஆகியும் மொழி படிக்காமல், 'இவன்கள் வேலையே செய்வதில்லை' என்று வாட்ஸ்அப்பில் புலம்புகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆனால் கஞ்சிக்கோட்டில் பார்த்த வேலை வீணாகாது, தொழிலாளர் பக்கத்தோடு உட்கார்ந்து பேசிய பழக்கம் இங்கேயும் உதவும். அங்கே நான் இருந்த பேக்டரியில் பாதிப் பேர் எல்லையில் உள்ள வாளையாறு தாண்டி, கோயம்புத்தூர் பக்கமிருந்து வருபவர்கள். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் கொடு என்பதோடு நம் நாட்டுச் சட்டம் நின்றுவிடும். எந்தப் பண்டிகைக்கு என்று சொல்லாது. பாலக்காட்டுக்காரர்களுக்கு ஓணத்துக்கு முன் வேண்டும், கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு. யூனியன்காரர்கள் ராத்திரி வரை உட்கார்ந்து பேசி, ஓணத்துக்குப் பாதி, தீபாவளிக்கு மீதி என்று முடித்தார்கள். ஒரே போனஸை ஏன் இரண்டு தடவை கொடுக்கிறீர்கள் என்று மும்பை ஹெட் ஆபீஸ் ஒவ்வொரு வருடமும் மெயில் போட்டுக்கொண்டே இருந்தது. நாங்களும் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.