ஏஜென்ட் கேட்காத ஒரு எண்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். மகள் வயிற்றுப் பேரனுக்கு 8 வயது. டூஷேன் தசைச் சிதைவு என்று இரண்டு வருடத்துக்கு முன்பு சொன்னார்கள். நடக்கிறான். ஆனால் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுகிறான். கோயிலுக்கு வரும் ஒருவர், இந்தியாவில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்கிறது, பிள்ளைக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஒரு பையன் எழுந்து நிற்கும் வீடியோவும் காட்டினார். 4,80,000 ரேண்ட் ஆகுமாம். பிரியாணி டிக்கெட் விற்று 1,10,000 சேர்த்திருக்கிறோம். 25,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்கு மருமகன் வீட்டின் மேல் இன்னொரு பாண்டு, அதாவது அடமானக் கடன், எடுக்கப் போகிறார். மாதக் கடைசி தாண்டினால் இடம் போய்விடுமாம். ஆராய்ச்சி என்றால் நம்பலாம்தானே? அவர் தந்த படிவத்தையும் பிள்ளையின் ஜீன் ரிப்போர்ட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்: அம்மா, பாண்டு எடுக்க வேண்டாம். இதை மருமகனிடம் இன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

படிவத்தை மூன்று முறை படித்தேன். பதினொரு பக்கம். முதல் பக்கத்தில் ‘ஆராய்ச்சி’ என்று கட்டை விரல் அளவுக்கு எழுதியிருக்கிறது. ஏழாம் பக்கத்தில் எறும்பு அளவில் ஒரு வரி: செலுத்திய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. கடைசிப் பக்கத்தில் வங்கிக் கணக்கு. அது மருத்துவமனையின் பெயரில் இல்லை, ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கிறது. பிள்ளையின் பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள், அப்பாவின் சம்பளச் சீட்டு கேட்டிருக்கிறார்கள், பிளட் குரூப் கூடக் கேட்டிருக்கிறார்கள். ஜீன் ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. டூஷேனுக்கு ஆராய்ச்சி நடத்துகிறவன் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் பிள்ளையைத் தொடமாட்டான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பணம். உண்மையான மருந்துச் சோதனையில் சேர நீங்கள் ஒரு சென்ட் கூடக் கட்ட வேண்டியதில்லை. சோதிக்கிற மருந்து, அதற்கான ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சோதனையை நடத்துகிறவர் செலவு. தென்னாப்பிரிக்காவில் வந்து போகும் நேரத்துக்கும் சிரமத்துக்கும் வழிச்செலவுக்கும் அவர்கள்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். சோதனையால் பிள்ளைக்குக் கெடுதல் வந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் அவர்கள் பொறுப்பு. இந்தியாவிலும் 2019-ன் விதிகள் இதைத்தான் சொல்கின்றன. உங்களிடம் காசு கேட்டால் அது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம்.

அடுத்தது பதிவு எண். இங்கே நடக்கும் மருந்துச் சோதனைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாஹ்ப்ராவின் அனுமதி வேண்டும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், தேசியப் பட்டியலில் ஒரு எண்ணும் வேண்டும். அந்த எண் டி.ஓ.எச்-27 என்று தொடங்கும். இந்தியாவில் நடப்பதற்கு அந்த நாட்டுப் பட்டியலின் பெயரான சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் எண். உங்கள் படிவத்தில் இரண்டுமே இல்லை. கேட்டால் நாளைக்கே ஒரு எண்ணைத் தருவார்கள், அதிலும் ஏமாந்துவிடாதீர்கள். பட்டியலில் ஏறிவிட்டதாலேயே ஒரு சோதனை நல்லது என்று ஆகிவிடாது. முழங்கால் வலிக்கு நடந்த சோதனையின் எண்ணைத் தசை நோய்க்காரக் குடும்பத்திடம் காட்டிய ஆளை நானே பார்த்திருக்கிறேன். எண்ணை இணையத்தில் தட்டிப் பாருங்கள். நோயின் பெயர் என்ன, எத்தனை வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், இப்போது ஆள் சேர்க்கிறார்களா, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். பேத்திகள் யாராவது பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகை செல்லாக மாறி வளரக்கூடிய செல். அது ஏன் உதவாது என்று கேட்பீர்கள். உடம்பு எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தசை. நரம்பு வழியாக ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும். தசைக்குள் நேராகக் குத்தினாலோ, ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்கு மேல் அவை நகர்வதில்லை. 1990-களின் தொடக்கத்தில் டூஷேன் பிள்ளைகளுக்கு இதை ஒழுங்கான முறையில் செய்து பார்த்தார்கள். பலன் இல்லை என்று எழுதியும் வைத்தார்கள். இதயத் தசைக்காக ஒரு செல் மருந்து அமெரிக்காவில் பெரிய சோதனை வரை போயிருக்கிறது. 2025 ஜூலையில் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தராமல் இன்னும் சான்று கேட்டது. உங்கள் ஏஜென்ட் விற்பது அதுவும் இல்லை.

பிறகு அந்த வீடியோவில் எழுந்து நிற்கும் பையன் யார்? இதில் மூன்று வித்தை இருக்கிறது. ஒன்று, காலை நிமிர்த்திப் பிடிக்கும் காலிப்பர் போட்டு மேலே பேன்ட் போட்டால் யாரும் நிற்பான். இரண்டு, டூஷேன் பிள்ளைகள் ஏறக்குறைய ஏழு வயது வரை தானாகவே கொஞ்சம் தேறுவார்கள். வளர்ச்சியின் வேகம் சிதைவை முந்தி ஓடும் காலம் அது. ஐந்து வயதில் என்ன கொடுத்தாலும், விபூதி பூசினாலும், ‘வேலை செய்தது’ போலத் தெரியும். மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கோபம் வருவது. ரத்தத்தில் சி.கே. அளவு குறைந்துவிட்டது பாருங்கள் என்று தாளை நீட்டுவார்கள். சி.கே. என்பது உடையும் தசையிலிருந்து ரத்தத்தில் கசிவது. நமக்கெல்லாம் 200-ஐ ஒட்டி இருக்கும், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். வருடம் போகப் போக அது தானே இறங்கும், ஏனென்றால் உடைவதற்குத் தசையே குறைந்துவிடுகிறது. வீடு எரிந்து முடியும்போது புகை குறைவதைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்.

பணம் போனாலாவது திரும்பச் சம்பாதிக்கலாம். போனால் திரும்பாதவையும் இருக்கின்றன. ஒருமுறை இப்படி செல் ஏற்றிக்கொண்ட பிள்ளையை நல்ல சோதனைகள் பலவும் சேர்த்துக்கொள்ளாது. நாளைக்கு ஒரு நிஜமான வாய்ப்பு வந்தால் அந்தக் கதவு அடைந்திருக்கும்.

படிவத்தின் நான்காம் பக்கத்தில், ‘பயணத்துக்கு முன் ஸ்டீராய்டை நிறுத்தவும்’ என்று இருக்கிறது. நிறுத்தாதீர்கள். இன்று வரை அவன் நடை நின்றுபோவதை இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மருந்து அந்த மலிவான மாத்திரைதான். வருடக்கணக்கில் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. அதே பக்கத்தில் முதுகில் ஊசி போட ‘சிறு மயக்கம்’ கொடுப்போம் என்றும் இருக்கிறது. டூஷேன் பிள்ளைக்குச் சிறு மயக்கம் என்று ஒன்று கிடையாது. சக்ஸமெத்தோனியம் என்ற மருந்தைத் தெரியாமல் கொடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். பல் பிடுங்கப் போனாலும் சரி, கை முறிந்து போனாலும் சரி, இந்தப் பெயரைக் ‘கொடுக்கக் கூடாது’ என்று ஒரு அட்டையில் எழுதிப் பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ‘டாக்டர் இந்தியாவுக்கே போகாதே என்கிறார்’ என்று கோயில் சமையல்கட்டில் பேச்சு வரும். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் படித்ததே மதுரையில். ஸ்டெம் செல்லை, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும், முறையான சோதனைக்கு வெளியே கொடுப்பது நெறிக்குப் புறம்பு என்று 2017-லேயே எழுதி வைத்தது இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.தான். தப்பு நாட்டில் இல்லை, நடுவில் நிற்கும் ஆளிடம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1949-லிருந்து நரம்பியல் துறை இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தசை நோய் பார்ப்பவர்கள் என்னைவிட நூறு மடங்கு அதிகம் பார்த்தவர்கள். 2019-ல் தொடங்கிய ஒரு கூட்டு ஆராய்ச்சியில் தென்னாப்பிரிக்கா, இந்தியா, பிரேசில், துருக்கி, ஜாம்பியா எல்லாம் பிரிட்டனோடு சேர்ந்து தசை நோய்க் குடும்பங்களின் ஜீனைப் படிக்கின்றன. ஆகவே இரண்டாம் கருத்துக் கேட்கவோ, விட்டுப்போன ஜீன் பரிசோதனையை முடிக்கவோ, பிஸியோ கற்றுக்கொள்ளவோ போக வேண்டுமென்றால் தாராளமாகப் போங்கள். ஊரில் சொந்தக்காரர்கள் இருந்தால் பார்த்துவிட்டும் வாருங்கள். ஆனால் மருத்துவமனைக்கு நீங்களே எழுதுங்கள், நேரத்தை அவர்களிடமே வாங்குங்கள், பணத்தை அவர்கள் கவுன்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். இவ்வளவுக்கும் ஏஜென்ட் எதற்கு?

ஏஜென்ட் எதற்கு என்று கேட்கிற எனக்கே பதில் தெரியும். அவர் ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணிக்குப் போனை எடுக்கிறார். நாங்கள் எடுப்பதில்லை. கிளினிக்குக்குத் தேதி கேட்டால் ஐந்து மாதம் தள்ளிக் கொடுக்கிறோம். அன்றைக்கு வந்தால் ஃபைலைக் காணோம் என்கிறோம். விடியற்காலை ஐந்துக்கே பிள்ளையைக் கிளப்பி டாக்ஸி பிடித்து வந்த தாயை, ‘அடுத்த ஜன்னல்’ என்று அனுப்புகிறோம். ஜீன் ரிப்போர்ட் வர எத்தனை மாதம் ஆகிறது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வந்த பிறகும் அதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கும் இரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மேலிடத்தில் எழுதிக் கேட்டால் இன்னொரு படிவம் வருகிறது.

சரி, அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான குறிப்பு ஒரு ஜீனில் 79 துண்டுகளாக இருக்கிறது. துண்டுக்கு எக்ஸான் என்று பெயர். உடம்பு அதை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். ‘மரம் பழம் குடம் படம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ‘ழ’ ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படித்தால் ‘மரம் பம்கு டம்ப டம்’ என்று உளறும். புரதமே உருவாகாது, அதுதான் டூஷேன். மிச்சமிருக்கும் ‘ப’வையும் ‘ம்’மையும் சேர்த்து எடுத்துவிட்டால் ‘மரம் குடம் படம்’. ஒரு சொல் குறைகிறது, ஆனால் படிக்க முடிகிறது. எக்ஸான் தாண்டும் மருந்துகள் செய்ய நினைப்பது இதைத்தான். ரொம்ப ஆசைப்படவும் வேண்டாம். 51-ஆம் எக்ஸானைத் தாண்ட வைக்கும் மருந்துக்கு 2016-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதனால் உண்டான டிஸ்ட்ரோபின் இயல்பான அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஐரோப்பா 2018-ல் மறுத்துவிட்டது. 2023-ல் அனுமதி பெற்ற ஜீன் மருந்து ஒன்று இருக்கிறது. ஒரே ஊசி, விலை 32 லட்சம் டாலர். நடக்க முடியாத நிலையில் அதைப் போட்டுக்கொண்ட இரண்டு பையன்கள் 2025-ல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சாவுகள் ஊரறிய வெளியே வந்தன, யாருக்குப் போடலாம் என்பதும் சுருக்கப்பட்டது. உங்கள் பதினொரு பக்கத்தில் ‘பக்கவிளைவு இல்லை’ என்று இருக்கிறது.

கட்டிய 25,000-ஐக் கேட்டுப் பாருங்கள், வந்தால் நல்லது. ‘இன்னும் ஐயாயிரம் கட்டினால் திருப்பித் தருகிறோம்’ என்று வேறொருவர் கூப்பிடுவார், போனை வைத்துவிடுங்கள். பிரியாணிக் காசுக்கு வேலை இருக்கிறது. இரவில் கட்டும் கணுக்கால் ஸ்பிளிண்ட், குளியலறையில் கைப்பிடி, வாசலில் ஒரு சரிவுப் பாதை வாங்கலாம், செய்யலாம். டிக்கெட் வாங்கினவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்கள் மகளையும் ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தாய் வழியாக வந்த குறையாக இருந்தால் அவள் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. பிள்ளையின் ஜீனில் காணாமல் போன துண்டுகள் ‘எக்ஸான் 48 முதல் 5’ என்பது வரைதான் தெரிகிறது, அடுத்த இலக்கம் இல்லை. அது 50 என்றால் 51-ஐத் தாண்டும் மருந்துச் சோதனைகளில் தேட வேண்டும். 52 என்றால் 53-க்கான சோதனைகள். 51 என்றால் எழுத்து மூன்று மூன்றாகவே நிற்கிறது. அது பெரும்பாலும் பெக்கர் என்ற மிதமான வகை. பையனுக்குச் சொன்ன நோயின் பெயரையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். நகல் எடுத்த கடையில் காகிதத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைக்கச் சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி அனுப்புங்கள்.