ஒர்க்‌ஷாப் பக்கம்: மேடேறும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது?

குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப் அருகே ஜீப் ஒர்க்‌ஷாப் நடத்தும் மெக்கானிக், ரேடியேட்டர் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: 1998 மாடல் மகேந்திரா டீசல் ஜீப் வைத்திருக்கிறேன். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு குமுளி மேடு ஏறுவேன். கூடலூர் வரை டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. மேட்டில் சிவப்புக்குப் போய்விடுகிறது. தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு கிடையாது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?
(ஜீப் ஓட்டுநர், கம்பம்)

பதில்: இப்போது இறக்காதீர்கள் தம்பி. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் தகடுதான் கேஸ்கட். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து அதை முடிவு கட்ட முடியாது. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் எந்த சாமானையும் மாற்றக் கூடாது. ஹெட் வேலைக்கு ஆகும் செலவு எத்தனை நாள் வாடகை என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் இதைச் செய்யுங்கள். ரேடியேட்டர் கழுத்திலிருந்து மெல்லிய டியூப் ஒன்று கீழே இறங்கும். பழைய ஜீப்பில் பெரும்பாலும் அதன் முனை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டில் தண்ணீரைத் தள்ளினால் அது ரோட்டோடு போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த முனையை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, ஃபேனில் படாத இடமாகப் பார்த்துக் கம்பியால் கட்டுங்கள். பாட்டில் வாயை இறுக்கி அடைக்காதீர்கள், காற்று போக வழி வேண்டும். வழக்கம்போல் ஆளேற்றிப் போய், குமுளியில் நிறுத்திப் பாட்டிலைப் பாருங்கள்.

பாட்டிலில் தண்ணீர் நின்றால், அது மூடி வழியாகத் தள்ளியது. அப்போது முதல் சந்தேகம் மூடி மேல்தான். ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்த அளவு 0.9 (பார்) என்று குத்தியிருக்கும் நல்ல மூடி அதை மேலும் 20 டிகிரி வரை தள்ளிப்போடும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடி ரப்பர் வெடித்தாலோ அந்த 20 டிகிரியும் போச்சு. சமதளத்தில் இந்தக் குறை தெரியாது. லோடோடு இரண்டாம் கியரில் ஏறும்போதுதான் தெரியும். அதே எண் உள்ள மூடியாக வாங்குங்கள். கூடுதல் எண் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டர் டேங்கும் தாங்காது.

பாட்டில் காய்ந்து கிடக்கிறது, ரேடியேட்டரில் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் ஒழுகல் வேறு இடத்தில். அடியில் சொட்டு இல்லை என்பதை நம்பி ஏமாறாதீர்கள். வாட்டர் பம்ப் ஷாஃப்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும். ஓடும் வண்டியில் ஃபேன் காற்று அதைச் சிதறடிக்கும், எஞ்சின் சூட்டில் காய்ந்துவிடும், தரைக்கு வந்து சேராது. டார்ச் அடித்து, கண்ணாடித் துண்டு ஒன்றை அடியில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாக உப்புக் கோடு, கூலன்ட் ஊற்றியிருந்தால் பச்சைக் கோடு, படிந்திருக்கும். அந்தக் கோடு இருந்தால் பம்ப்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஃபேனைப் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டமும் கையில் தெரியும்.

ஹோஸ் கிளிப்பில் வரும் கசிவு இன்னொரு விதம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரப்பர் சுருங்கிச் சொட்டும், சூடேறியதும் தானாக நின்றுவிடும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். பிரஷர் டெஸ்டர் உள்ள பட்டறையில், வண்டி நிற்கும்போதே மூடியின் அளவுக்குக் காற்றடித்து எங்கே கசிகிறது என்று காட்டிவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லையா? அப்போது கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். நன்றாக ஆறிய எஞ்சினில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் இரண்டு மூன்று குமிழி வருவது தங்கியிருந்த காற்று. எஞ்சின் சூடேறும் முன்பே நிற்காமல் குமிழி வந்துகொண்டிருந்தாலோ, மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரிந்த புகை தண்ணீருக்குள் இறங்குகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலும் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை இருந்தால் பயப்படாதீர்கள். மலைக்குளிரில் குறைந்த தூரம் ஓடும் வண்டிக்கு அது வரும்.

தண்ணீரே குறையாமல் மேட்டில் மட்டும் சூடேறினால், அது பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்பு அல்லது ஃபேன் பெல்ட் தளர்வு. தோட்டத்து மண் பாதையில் ஓடும் ஜீப்பில் ரேடியேட்டர் இடுக்கெல்லாம் சேறு அப்பியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளேதான் போகும்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடி போடலாமா?
(வாசகர், போடி)

பதில்: ஊசிமுனை ஓட்டைக்கு, வீடு போய்ச் சேருவதற்கு மட்டும். போய்ச் சேர்ந்ததும் முழுத் தண்ணீரையும் இறக்கிக் கழுவி, ரேடியேட்டரைப் பற்றவைக்கக் கொடுங்கள். ஓட்டையை அடைக்கும் அதே பொடி மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மாதக்கணக்கில் பொடி போட்டே ஓட்டிய வண்டியின் ரேடியேட்டரைத் திறந்தால் சேறு மாதிரி வழிகிறது.

கேள்வி: எங்கள் மாருதி 800 பழைய வண்டி. ஓடும்போது சூடு சரியாக இருக்கிறது. சபரிமலை சீசனில் குமுளி டவுனில் ஊர்ந்து போகும்போது முள் ஏறிவிடுகிறது. ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இப்போது காலையில் முள் மேலே வரவே மாட்டேன் என்கிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. டவுனில் பழையபடிதான்.
(வாசகி, வண்டிப்பெரியாறு)

பதில்: நோய் ஒன்று, மருந்து வேறொன்று தங்கச்சி. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது. நின்றால் எலெக்ட்ரிக் ஃபேன் ஓட வேண்டும். உங்கள் வண்டியில் அது ஓடவில்லை என்றே நினைக்கிறேன். எஞ்சினை ஐடிலில் விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் நிறுத்திவிட்டு, எலெக்ட்ரீஷியனிடம் ஃபேனுக்கு நேராகப் பேட்டரி கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, ஃபேன் சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் போயிருக்கும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. எஞ்சின் அதற்குரிய சூட்டுக்கு வந்தால்தான் பெட்ரோல் சரியாக எரியும். பழையது நல்லதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் குத்தியிருக்கும் டிகிரிக்கு, உதாரணமாக 82 என்றால் அதன் அக்கம்பக்கத்தில், வால்வு திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் நீரிலும் திறக்காதது ஆகாது.

கேள்வி: பாதி மேட்டில் கொதித்துவிட்டால் உடனே என்ன செய்வது?
(டிரைவர், சின்னமனூர்)

பதில்: ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் போட்டு, ஆட்களை இறக்கிவிடுங்கள். ஆவி பீய்ச்சினாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். முள் திடீரென்று கீழே இறங்கினால் ஆறிவிட்டது என்று எண்ணாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் காற்றில் நின்றாலும் முள் இறங்கும்.

அப்புறம் மூடி. அதைத் தொடாதீர்கள், எவ்வளவு அவசரம் என்றாலும். திறந்த நொடியில் கொதிநீர் முகத்துக்கு வரும். அப்படி வெந்த கைகளை இந்த மலைப்பாதையில் நிறையப் பார்த்திருக்கிறேன். குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள். மேல் ஹோஸைத் துணியோடு அமுக்கிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். தளர்ந்ததும் தடித்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் கட்டம் வரை மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். குளிர்ந்த தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புங்கள். எத்தனை லிட்டர் குறைந்திருந்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.