கோத்தகிரியில் 5 சென்ட்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்கிறார்கள். 5 சென்ட் 25 லட்சம். உரிமையாளர் சார்பில் விற்கப் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவர்தான் பேசுகிறார். பட்டா இருக்கிறது, வில்லங்கமும் இல்லை. ஓய்வுப் பணத்தில் வாங்கி, சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட எண்ணம். 5 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? - திருப்பூர் வாசகர்

பதில்: வணக்கம் ஐயா. இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, அதன் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். அங்கே வீடு கட்ட விடுவார்களா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை, நீலகிரியில் பணம் மாட்டிக்கொள்வதே அந்த இடத்தில்தான். 1990-ல் அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், இங்கே எல்லோரும் ஹாகா என்பார்கள், அதன் நடைமுறைப்படி வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாவற்றிடமும் தடையில்லாச் சான்று வாங்கித்தான் கட்டட அனுமதிக்குப் போக முடியும். சரிவு அதிகமாக இருந்தாலோ, பக்கத்தில் ஓடை இருந்தாலோ, காட்டை ஒட்டியிருந்தாலோ அங்கேயே நின்றுவிடும். இது வீண் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்ரூவல் இல்லாத மனையை மனை என்று பதிய முடியாது, அதனால் விவசாய நிலம் என்றே சென்ட் கணக்கில் எழுதிக் கொடுப்பார்கள். பத்திரம் பதிவாகிவிடும், உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும், ஆனால் கையில் இருப்பது தேயிலைச் செடி நிற்கும் 5 சென்ட்தான். என்னிடம் வந்த ஒருவர் இப்படி வாங்கி, செடியைப் பிடுங்கி, அஸ்திவாரம் தோண்டிய பிறகுதான் நோட்டீஸ் வந்தது, இன்றைக்கும் அது வெறும் பள்ளம். "அப்புறம் வரன்முறை பண்ணிக்கலாம்", அதாவது அனுமதி இல்லாத மனையைப் பிறகு அரசுத் திட்டத்தில் முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்து விற்ற மனைகளுக்கானது, இப்போது பிரிக்கும் தோட்டத்துக்கு அல்ல.

இன்னொன்று, அந்த சர்வே எண் தனியார் காடுகள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1949-ம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்றால் விற்பனையே செல்லாது. நிழல் மரங்களை வெட்டவும் தனி அனுமதி வேண்டும், அதற்கு 1955-லிருந்தே சட்டம் இருக்கிறது.

பவருக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அதோடு முடிந்தது. அதனால் பவர் வாங்கிய ஏஜெண்டோடு மட்டும் பேசி முடிக்காமல் உரிமையாளரையே நேரில் பாருங்கள். பரம்பரைச் சொத்து என்றால் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள், குறிப்பாக அக்கா தங்கைகளை. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சம பங்கு, அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டோம், அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள், அவர்களும் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் 5 சென்ட் எந்த மூலையில் என்பதே பிறகு சண்டையாகும், உட்பிரிவு செய்து, அது புலப்படத்தில் (அளவை வரைபடத்தில்) வந்த பிறகு வாங்குங்கள்.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்க முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்குபவருக்கு. நாளை அவர் "வாங்கவே இல்லை" என்றால் உங்களிடம் என்ன சாட்சி இருக்கும்? வங்கி வழியாகக் கொடுங்கள், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், கட்டட அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் இத்தனை நாளில் திரும்ப வரவேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள்.

ஏஜெண்டிடம் இப்போது சர்வே எண், தாய்ப் பத்திர (சொத்தின் முந்தைய மூலப் பத்திர) நகல், பவர் நகல் மூன்றும் கேளுங்கள். அதை வைத்து கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடத்துக்கு நீங்களே வில்லங்கச் சான்று கேட்டு வாங்குங்கள், அவர் கொடுத்த சான்றை மட்டும் நம்ப வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டை (நில விவரப் பதிவேட்டை) பார்த்து, நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். இன்னொருவர் பணத்தோடு காத்திருக்கிறார் என்று அவர் அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவருக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.