ரேடியேட்டர் முன்னாலா, மேலேயா?

கேள்வி: பர்கூரில், கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. புது கம்ப்யூட்டருக்கு, புராசஸரின் சூட்டைத் திரவத்தால் இறக்கும் 240 மி.மீ. லிக்விட் கூலர் வாங்கியிருக்கிறேன். கேபினெட்டில் முன்னால் 3 ஃபேன், பின்னால் 1. கூலரின் ரேடியேட்டரை (திரவத்தின் சூட்டைக் காற்றில் விடும் தகட்டுப் பகுதி) முன்னால் மாட்டினால்தான் புராசஸர் நன்றாகக் குளிரும் என்கிறார் கடைக்காரர். கேம்தான் அதிகம் ஆடுவேன். எங்கே மாட்டுவது?
— வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மேலே மாட்டுங்கள், காற்று வெளியே போகும்படி. கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. முன்னால் மாட்டினால் புராசஸர் சூடு சில டிகிரி குறையும். ஆனால் அந்தச் சூட்டுக்காற்று உள்ளே வந்து கிராஃபிக்ஸ் கார்டைத் தாக்கும். கேம் ஓடும்போது அதிகம் கொதிப்பது அந்தக் கார்டுதான். சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி என்றால் எந்த லிக்விட் கூலரும் அதற்குக் கீழே இறக்காது. கிடைக்கிற வெளிக்காற்றைக் கார்டுக்கு விட்டுவிடுங்கள்.

மாட்டும் முன் அளந்து பாருங்கள். ரேடியேட்டர் பெரும்பாலும் 27 மி.மீ., ஃபேன் 25. ஆக 52 மி.மீ. இடம் வேண்டும். உயரமான ரேம் இடிக்கலாம். இடித்தால் முன்பக்கம்தான் வழி. அப்போது ட்யூப்கள் கீழே வரட்டும், ரேடியேட்டரின் மேல்முனை, திரவத்தை ஓடவைக்கும் பம்பைவிட உயரமாக இருக்கட்டும். கூலருக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தில் போய் நிற்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் சத்தம் போடும், சீக்கிரம் கெட்டும் போகும். கேபினெட்டின் அடியில் ரேடியேட்டர் கூடாது என்பதும் இதனால்தான்.

ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும். 'ரிவர்ஸ்' என்று விற்பவற்றில் மட்டும் நேரெதிர். சந்தேகமிருந்தால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள்.

உங்கள் ஊரில் கல்தூசிதான் பெரிய எதிரி. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிட அதிகமாக இருந்தால், இண்டு இடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்படாது. அதனால் முன் ஃபேன்களைச் சற்று வேகமாகவும் பின் ஃபேனை மெதுவாகவும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) வையுங்கள். பம்ப் ஒயரை மதர்போர்டில் பம்புக்கென உள்ள இணைப்பில் செருகி முழு வேகத்தில் ஓட விடுங்கள்.

முன் ஃபில்டரை 15 நாளுக்கு ஒருமுறை கழுவி, ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். ரேடியேட்டரில் தூசி படிவது ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில். ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். ப்ளோயர் அடிக்கும்போது மெஷினை அணைத்துவிட்டு, இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.