லேப் கெடைக்காத நாள்ல கெமிஸ்ட்ரிய கையால செய்ய வைக்கிறது எப்படி?

பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு இடைநிலைப்பள்ளியில ஃபார்ம் 4 (16 வயசுப் பசங்க) கெமிஸ்ட்ரி எடுக்குற டீச்சர் கேட்டிருக்காங்க: கிளாஸ்ல 34 பேரு, லேப் வாரத்துக்கு ஒரு தடவதான் கெடைக்குது, மோல் (அணு, மூலக்கூற எண்ணுற அளவு) பாடத்துல பாதிப் பேரு முழிக்கிறாங்க, கம்மி செலவுல கையால செய்ய வச்சு சொல்லிக் குடுக்க வழி இருக்கா?

இருக்கு டீச்சர். ஆனா ஒண்ண மொதல்ல சொல்லிடுறேன், கையால செஞ்சா மட்டும் பத்தாது, செய்றதுக்கு முன்னாடியே என்ன நடக்கும்னு பசங்க எழுதி வைக்கணும். நான் வேலைக்கு சேந்த புதுசுல வினிகரையும் சோடா மாவையும் கலந்து எரிமலை மாதிரி பொங்க விட்டேன், எல்லாரும் கைதட்டுனாங்க, அடுத்த வாரம் அந்த நுரையில இருந்தது என்ன கேஸுன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. அன்னிலேர்ந்து ஒரு துண்டுப் பேப்பர்ல கணிப்ப எழுதி பேரு போட்டு மேசைல கவுத்து வச்சாதான் பொருளையே கையில குடுப்பேன்.

மோலுக்கு லேப்பே வேணாம். மளிகைக்கடைல பச்சப்பயிறு ஒரு பாக்கெட், வெள்ளக் கொண்டக்கடல ஒரு பாக்கெட், 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்னத் தராசு, அவ்ளோதான். ஒவ்வொரு குழுவும் 50 பயிறு எண்ணி நிறுக்கட்டும், 50 கடல எண்ணி நிறுக்கட்டும். பயிறு 3 கிராம், கடல 20 கிராம் வந்துச்சுன்னு வைங்க. இப்ப கேளுங்க, நான் 6 கிராம் பயிறு அள்ளித் தரேன், எண்ணக் கூடாது, அதே எண்ணிக்கைல கடல வேணும்னா எத்தன கிராம் நிறுப்பீங்க? கொஞ்ச நேரம் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாப்பாங்க, அப்புறம் யாராவது 40னு சொல்லும். நிறுத்துட்டு ரெண்டையும் எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டும் நூறுக்குப் பக்கத்துலயே வரும். சரியா நூறு வராது, ஏன்னா ஒவ்வொரு பயிறும் ஒரே எடை இல்ல, அதையும் பேசுங்க, சராசரின்னா என்னன்னு அங்கயே புரியும். அந்த சூட்டோட போர்டுல 12 கிராம் கார்பன், 24 கிராம் மெக்னீசியம்னு எழுதுங்க. ஒரு மெக்னீசியம் அணு ஒரு கார்பன் அணுவ விட ரெண்டு மடங்கு கனம், அதனால ரெட்டிப்பு எடை எடுத்தா எண்ணிக்கை ஒண்ணுதான், அந்த எண்ணிக்கைதான் 6.02 × 10²³, அத்தன இருந்தா ஒரு மோல். கடைசியா 18 கிராம் தண்ணிய ஒரு கப்புல ஊத்தி, இது ஒரு மோல்னு ஒவ்வொருத்தர் கையிலயும் குடுங்க. மோல் கணக்கு ஃபார்முலாவ இதுக்கு முன்னாடி எழுதாதீங்க, இது ரொம்ப முக்கியம்.

ஆசிட் பேஸுக்கு சங்குப்பூ, அதான் நம்ம ஊர்ல புங்கா தெலாங். நியோன்யா (சீன-மலாய் கலப்பு சமையல்) பலகாரம் பூலுட் தாய் தாய்க்கு நீல நிறம் குடுக்குற அதே பூ, எத்தனயோ வீட்டு வேலில பூத்துக் கெடக்கு. சுடுதண்ணில பத்து பூ போட்டா இண்டிகேட்டர், அதாவது ஆசிடா பேஸான்னு நிறம் மாறிக் காட்டுற சாறு, ரெடி. டெஸ்ட் டியூப் வேணாம், ப்ளாஸ்டிக் ஃபைல் ஷீட்டுக்கு அடியில வெள்ளப் பேப்பர் வச்சு அது மேலயே சொட்டு சொட்டா வச்சுக்கலாம். லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்ச வகை) சாறு விட்டா ஊதா, இன்னும் விட்டா ரோஸ் பக்கம் போகும், சோடா மாவு தண்ணிக்கு நீலம் கொஞ்சம் பச்ச கலந்து வரும். லிட்டில் இந்தியாவுல வெத்தல கடைல சுண்ணாம்பு கெடைக்கும், அது கால்சியம் ஹைட்ராக்சைடு, தண்ணில கரைச்சு ராத்திரி பூரா வச்சு மேல தெளிஞ்சத மட்டும் எடுங்க, அதுல பூச்சாறு நல்ல பச்சையாகி அப்புறம் மஞ்சளாகும். அதே சுண்ணாம்புத் தண்ணி 20 சொட்டுல, நெறைய தண்ணி கலந்த லிமாவ் சாற ஒவ்வொரு சொட்டா விட்டு நிறம் மறுபடி நீலமாக எத்தன சொட்டு ஆச்சுன்னு எண்ணச் சொல்லுங்க. டைட்ரேஷனோட (ஆசிடும் பேஸும் எவ்வளவுக்கு எவ்வளவு சமமாகுதுன்னு அளக்குறது) மூளையே அதுதான், சொட்டு சொட்டா விட்டு அளக்குற கண்ணாடிக் குழாய் பியூரெட் கைக்கு வர்றப்ப பசங்க பயப்பட மாட்டாங்க.

ரேட் ஆஃப் ரியாக்ஷனுக்கு (வினை வேகம்) தண்ணில நுரைக்கிற வைட்டமின் சி மாத்திரை போதும். ஐஸ் தண்ணி, பைப்புத் தண்ணி, சுடுதண்ணி, மூணுலயும் ஒரே அளவு தண்ணி, முழு மாத்திரை, ஃபோன்ல டைம். அடுத்த சுத்துல தண்ணி ஒண்ணேதான், மாத்திரைய மட்டும் பொடியாக்குங்க. எத மாத்துனோம், எத அளந்தோம், எத அப்படியே வச்சோம்னு பெம்போலே உபா (மாறிகள்) மூணையும் அவங்களே எழுதட்டும், ஃபார்ம் 5 முடிவுல எழுதுற எஸ்பிஎம் பரீட்சைல மூணாவது பேப்பர் இப்ப செய்முறைத் தேர்வுங்கிறதால இந்தப் பழக்கம் நேரா உதவும். பாட்டில்ல போட்டு மூடிய மட்டும் இறுக்க விடாதீங்க, கேஸ் அழுத்தத்துல தெறிக்கும்.

எல்லாம் சமையக்கட்டு சாமான்தானேன்னு பாதுகாப்புக் கண்ணாடி போடாம விட்டுடாதீங்க டீச்சர், சுண்ணாம்பு கண்ணுல பட்டா புண்ணாக்கிடும், பட்டுச்சுன்னா உடனே நெறைய தண்ணி விட்டு கழுவிக்கிட்டே கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க. பாத்ரூம் கழுவுற பிளீச்ச கிளாஸுக்கு கொண்டு வரவே வேணாம், அதுல வினிகரோ லிமாவ் சாறோ கலந்தா குளோரின் வாயு வரும். சோதனைக்கு எடுத்த பயிறு, கடல, மாத்திரை எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. பயிறையும் கடலையையும் டப்பால போட்டு பேரு எழுதி வச்சிட்டீங்கன்னா அடுத்த வருஷ கிளாஸுக்கும் ஆகும்.