தெரிவுப் பட்டியலில் பெயர் இல்லை, வழக்குப் போடலாமா?

முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தங்கச்சி சுகாதார உதவியாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறா, தொண்டராக வேலை செய்த அனுபவமும் இருக்கிறது. பட்டியல் ஒட்டி இரண்டு கிழமை. விளம்பரத்தில் கேட்ட தகுதியே இல்லாத ஒருவரின் பெயர் அதில் இருக்கிறது, தங்கச்சியின் பெயர் இல்லை. வழக்குப் போடலாமா, அல்லது "கொழும்பில் ஆள் இருக்கு, மேன்முறையீட்டில் பெயரைப் போடலாம்" என்று சொல்லுகிறவருக்குக் காசு கொடுத்துப் பார்க்கலாமா?

தம்பி, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீங்கோ. இலஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். பிறகு ஏமாந்துவிட்டோம் என்று பொலிசுக்குப் போகவும் கூச்சப்படுவீர்கள், அதை நம்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். காசை விட மோசமானது இவர்கள் தின்னுகிற காலம். "அடுத்த கூட்டத்தில் முடியும், கொஞ்சம் பொறுங்கோ" என்பார்கள், மூலச் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குள் உங்கள் வழக்கே செத்துவிடும். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, அதையும் குறித்து வையுங்கோ.

ஏன் செத்துவிடும்? தகுதியுள்ளவரை விட்டுத் தகுதியில்லாதவரை எடுப்பது அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சொல்லும் சமத்துவத்தை மீறுவது. அதற்கு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். நியமனம் செய்கிற ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு எழுதினாலும், எம்.பி.யிடம் கடிதம் வாங்கினாலும், பணிமனைக்கு நடையாய் நடந்தாலும் அந்த மாதம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்களுக்கு இப்போது மிச்சம் இரண்டு கிழமைதான்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆட்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது, போகலாம். ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் அவர்கள் தரும் துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் சரி என்று நினைக்காதீங்கோ. விசாரணை உண்மையாகவே நடக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும், சும்மா முறைப்பாடு கொடுத்தது போதாது என்று தீர்ப்புகள் இருக்கின்றன. ஆகவே விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று இலக்கத்தோடு, திகதியோடு அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கோ. அப்படி வாங்கினாலும், மாதம் முடிய முன்னரே மனுவைப் போட முடிந்தால் போட்டுவிடுவதுதான் என் புத்திமதி.

அடுத்தது, யார் நியமிக்கிறார்கள் என்று விளம்பரத்தில் பாருங்கோ. மத்திய அரசாங்கச் சேவை ஆணைக்குழுவின் முடிவென்றால் ரிட் மனுவுக்கு (அதிகாரிகளின் முடிவை நீக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போய்ப் பயனில்லை, அரசியலமைப்பின் 61அ உறுப்புரை அந்தக் கதவை மூடியிருக்கிறது, அடிப்படை உரிமை மனுதான் வழி. மாகாண ஆணைக்குழு என்றால் ரிட் வழியும் உண்டு, எந்த நீதிமன்றம் என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

மனுவில் தெரிவானவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். அவர்களின் வேலை போகக்கூடிய வழக்கில் அவர்களைக் கேட்காமல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாது, இந்த ஒரு குறையிலேயே நல்ல மனுக்கள் தள்ளுபடியாகின்றன. அதனால் ஒட்டியிருக்கும் பட்டியலை அடியில் உள்ள திகதியும் கையொப்பமும் தெரிய இன்றைக்கே படமெடுங்கோ. தங்கச்சியின் புள்ளி, புள்ளி போட்ட முறை, ஆட்சேர்ப்புத் திட்டம் இவற்றைத் தகவல் அறியும் சட்டத்தில் இன்றே கேளுங்கோ, ஆனால் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். தகவல் அலுவலர் முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் எடுக்கலாம், உங்கள் மாதம் அதற்குள் போய்விடும்.

முல்லைத்தீவில் அநியாயம் நடந்தால் அதைச் சொல்லக் கொழும்பில் உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்குத்தான் போகவேண்டும் என்பது என்ன நியாயம்? பஸ் காசு, அறைக் காசு, தமிழ் ஆவணங்களை மொழிபெயர்க்கிற காசு, எல்லாவற்றையும் வேலை கிடைக்காத பிள்ளையே கட்டவேண்டும். இத்தனை வருடமாய் யாரும் இதைத் திருத்தவில்லை. வருமானம் குறைவென்றால் வவுனியாவிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கோ, விளம்பரம், விண்ணப்பப் பிரதி, நேர்முக அழைப்புக் கடிதம், தொண்டர் சேவைக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். அழைப்புக் கடிதம் வந்த உறையையும் எறியாதீங்கோ, தபால் முத்திரைத் திகதி அதில்தான் இருக்கிறது.